சுவிஸ் மடக்குக் கத்தி: தேர்வு, அன்றாடப் பயன், சேகரிப்பு

சுவிஸ் மடக்குக் கத்தியை வாங்கப் போகிறவர் முதலில் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். கருவிகள் எல்லாம் மடங்கியிருக்கும் நிலையில் முதுகுப்புறத்தில் பளபளப்பான எஃகுப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு இடையே மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு ஒன்று தடுப்பாக நிற்கும். ஒரு ஸ்பிரிங்கும் அதன் அழுத்தத்தில் இயங்கும் கருவிகளும் சேர்ந்தது ஓர் அடுக்கு. எத்தனை அடுக்கு, எந்த அடுக்கில் என்ன கருவி என்று படிக்கக் கற்றுக்கொண்டால், சட்டைப் பைக்கு ஏற்ற கத்தியைத் தேர்வதும் பழைய கத்தியொன்றை இன்னதென்று இனங்காண்பதும் எளிதாகிவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை அவ்வளவாக உதவாது. 91 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பார்ட்டன் மாடலுக்கு 12 பயன்பாடுகள் என்று போட்டிருக்கும். அந்தப் பன்னிரண்டில் சாவி வளையம் ஒன்று, பல்குச்சி ஒன்று, பாட்டில் திறப்பானின் ஓரத்தில் மின்கம்பியின் தோலை உரிக்க விட்டிருக்கும் சிறு பள்ளம் ஒன்று. கையால் திறந்து பயன்படுத்தும் கருவிகள் ஆறுதான்: பெரிய அலகு, சிறிய அலகு, டின் ஓப்பனர், பாட்டில் திறப்பான், கார்க் திருகி, குத்தூசி. இந்த ஆறும் இரண்டே அடுக்கில் அடங்கிவிடுகின்றன.

அடுக்கின் அமைப்பு

அலகின் அடிப்பகுதி ரிவெட் ஒன்றில் சுழல்கிறது. அந்த அடிப்பகுதி முழு வட்டமாக இல்லாமல் ஆங்காங்கே தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். தட்டையான பகுதி ஸ்பிரிங்கின் மேல் வந்து அமரும்போது அலகு அந்த நிலையில் நிற்கிறது. விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் சற்று மேலெழுந்து வழிவிடுகிறது. ஆகவே இந்தக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. அலகைத் திறந்து வைத்திருப்பது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. இதை ஒருபோதும் மறக்கக் கூடாது. நுனியால் குத்தினாலோ, முதுகுப்புறமாக அழுத்தம் கொடுத்தாலோ அலகு விரல்களின் மேல் மடங்கும். கடினமான பொருளில் துளையிட வேண்டியிருந்தால் அந்த வேலை குத்தூசிக்கு உரியது. அதுவும் மடங்கக்கூடியதே என்பதால், அழுத்தம் எப்போதும் திறக்கும் திசையில் விழும்படி பிடிக்க வேண்டும்.

ஒரே ஸ்பிரிங்கின் இரு முனைகளும் இரண்டு கருவிகளைத் தாங்குகின்றன. ஒரு முனையில் டின் ஓப்பனர், மறுமுனையில் பாட்டில் திறப்பான். அதே ஸ்பிரிங்குகளைக் கொண்டே முதுகுப்புறத்திலும் கருவிகளைப் பொருத்தியதுதான் இந்தக் கத்தியின் வரலாற்றில் பெரிய திருப்பம். கார்க் திருகியும் குத்தூசியும் தனி அடுக்கு கேட்காமல், ஏற்கெனவே உள்ள ஸ்பிரிங்குகளின் நடுப்பகுதியில் சாய்ந்து இயங்குகின்றன. கனம் கூடாமல் கருவி கூடியது இப்படித்தான்.

ஒவ்வோர் அடுக்கும் கத்தியின் பருமனை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூட்டுகிறது. ஸ்பார்ட்டனோடு கத்தரிக்கோல் அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் கிளைம்பர். கிளைம்பரோடு மரம் அறுக்கும் ரம்பத்தைச் சேர்த்தால் ஹன்ட்ஸ்மேன். ஸ்பார்ட்டனின் கார்க் திருகியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் டிங்கர். கத்தரிக்கோல் இல்லாமல் ரம்பம் மட்டும் இருந்தால் கேம்பர். இப்படி அடுக்குகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், பட்டியலில் குழப்பமாகத் தெரியும் பெயர்களெல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். 1985இல் வெளிவந்த சுவிஸ்சாம்ப், 33 பயன்பாடுகளும் 185 கிராம் எடையும் கொண்டது. இந்தக் கூட்டலின் உச்சம் என்று அதைச் சொல்லலாம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் வடிவமைப்புத் தொகுப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. மேசை இழுப்பறையிலும் வெளியூர்ப் பயணப் பையிலும் அது சிறந்த துணை. கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு ஏற்றதல்ல.

சிப்பாயின் கத்தியும் அதிகாரியின் கத்தியும்

சேகரிப்பில் இறங்குகிறவர் இரண்டு மரபுகளைப் பிரித்தறிய வேண்டும். 1880களின் இறுதியில் சுவிட்சர்லாந்து இராணுவம் தன் வீரர்களுக்கு மடக்குக் கத்தி ஒன்று வேண்டுமென்று முடிவு செய்தது. டின்னில் அடைத்த உணவைத் திறக்கவும், 1889இல் வந்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் அது உதவ வேண்டும். அலகு, குத்தூசி, டின் ஓப்பனர், தட்டை ஸ்க்ரூ டிரைவர் என நான்கு கருவிகள். கைப்பிடி கருத்த மரம். அவ்வளவு கத்திகளைச் செய்துதரும் வசதி அப்போது சுவிட்சர்லாந்தில் எந்தப் பட்டறைக்கும் இல்லாததால், முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனத்தில் செய்யப்பட்டது.

ஷ்வீஸ் மாநிலத்தின் ஈபாஹ் ஊரில் 1884 முதல் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்ஸனருக்கு இது பொறுக்கவில்லை. நாட்டின் கத்திக் கொல்லர்களைச் சங்கமாகத் திரட்டி, 1891இல் இராணுவத்துக்குத் தம் முதல் தொகுதியை வழங்கினார். சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் கனத்தது. அதனால் 1897இல் இரண்டாவது அலகும் கார்க் திருகியும் கொண்ட இலகுவான ஒன்றை வடிவமைத்துச் சட்டப் பாதுகாப்புப் பெற்றார். அதுவே அதிகாரிகள் கத்தி. பெயர் அப்படி இருந்தாலும் இராணுவம் அதை யாருக்கும் வழங்கவில்லை. அதிகாரிகள் தம் கைக்காசு போட்டு வாங்கினார்கள். இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்திகள் எல்லாம் இந்த 1897ஆம் ஆண்டுக் கத்தியின் வழிவந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இவற்றை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் ‘சுவிஸ் இராணுவக் கத்தி’ என்ற ஆங்கிலப் பெயர் அவர்களிடமிருந்து பரவியது.

எல்ஸனரின் தாயார் விக்டோரியா 1909இல் மறைந்தபின் நிறுவனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கேடயத்துக்குள் சிலுவைக் குறியும் அந்த ஆண்டே வந்தது. துருப்பிடிக்காத எஃகு 1921இல் பட்டறைக்குள் வந்தபோது பெயர் விக்டோரினாக்ஸ் ஆனது. பிரெஞ்சு மொழி வழங்கும் யூரா பகுதியில் இன்னொரு பட்டறை வளர்ந்துவந்தது. அதுவே பின்னாளில் வெங்கர் என்று அறியப்பட்டது. இரு மொழிப் பகுதிகளுக்கும் இடையே மனத்தாங்கல் வேண்டாமென்று 1908 முதல் இராணுவம் தன் தேவையை இரண்டு நிறுவனங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. 2013இல் வெங்கர் கத்திப் பிரிவைத் தன் பெயருக்குள் இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. வெங்கரின் டெலமோன் ஊர்த் தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது. அதன் கத்திகள் டெலமோன் வரிசை என்ற பெயரில் வெளிவரத் தொடங்கின.

சிப்பாய்க் கத்தியின் கதையை அதன் எடையே சொல்லும். 1890ஆம் ஆண்டு மாடல் 144 கிராம். 1908இல் மரக் கைப்பிடி போய் ஃபைபர் வந்தபோது 125 கிராம். 1951இல் நீளம் 100 மில்லிமீட்டரிலிருந்து 93க்குக் குறைந்து எடை 90 கிராமுக்கு இறங்கியது. 1961இல் வரிவரியாகப் பதிப்பிட்ட அலுமினியக் கைப்பிடியோடு வந்த மாடல் 72 கிராம், 12 மில்லிமீட்டர் பருமன். அலாக்ஸ் என்று அழைக்கப்படும் அந்த அலுமினிய வகை ஏறக்குறைய அரை நூற்றாண்டு சுவிஸ் வீரர்களின் பையில் இருந்தது. ஒரு மடக்குக் கத்தி எவ்வளவு எளிமையாகவும் எவ்வளவு உறுதியாகவும் இருக்கமுடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. 2008ஆம் ஆண்டு மாடல் வேறு வழியில் போனது: 111 மில்லிமீட்டர் நீளம், 131 கிராம், ஒரு கையால் திறக்க அலகில் துளை, பல் வைத்த விளிம்பு, பூட்டு, ரம்பம்.

நீளம் என்னும் குடும்பப் பெயர்

கத்தியை மடக்கிய நிலையில் அளந்தால் கிடைக்கும் நீளமே அதன் குடும்பத்தைக் காட்டும். சேகரிப்பாளர்கள் மாடலின் பெயருக்கு முன்பே இந்த எண்ணைச் சொல்வார்கள். 58 மில்லிமீட்டர் வகை சாவிக்கொத்துக்கு. இதில் கிளாசிக் எஸ்டி என்ற மாடலை உலகெங்கும் பார்க்கலாம்: சிறு அலகு, கத்தரிக்கோல், நுனியில் ஸ்க்ரூ டிரைவர் கொண்ட நக அரம், ட்வீசர், பல்குச்சி. எடை 21 கிராம் அளவில். 84 மில்லிமீட்டர் வகை மெலிந்தது. கேடட் என்ற அலாக்ஸ் கத்தி இந்த அளவில் வருகிறது. 85 மில்லிமீட்டர் என்றால் அது வெங்கர் மரபு. 91 மில்லிமீட்டர் அதிகாரிகள் கத்தி. 93 மில்லிமீட்டர் சிப்பாய்க் கத்தி மரபின் பயனியர், ஃபார்மர் முதலியவை. 111 மில்லிமீட்டர் வகையில் பூட்டுள்ள பெரிய கத்திகள்.

அன்றாடத்துக்கு எது?

தினமும் உடன் வைத்திருக்கும் கத்தியில் கருவிகள் குறைவாக இருப்பதே நல்லது. கனமான கத்தி சில நாட்களில் இழுப்பறைக்குப் போய்விடும். வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது. ஒரு வாரம் கைகள் என்ன செய்கின்றன என்று கவனித்தால் போதும். அலுவலகத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பார்சல் ஒட்டுநாடாவை வெட்டுவது, கவரைப் பிரிப்பது, பழம் நறுக்குவது, சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. 58 மில்லிமீட்டர் கத்தி இவற்றில் முக்கால்வாசியைச் செய்துவிடும். கணினி, மின்சாதனம், சைக்கிள் என்று கைவைக்கிறவருக்கு டிங்கர் அல்லது பயனியர். தோட்டம், மலையேற்றம், முகாம் என்று போகிறவருக்கு ரம்பம் உள்ள ஃபார்மர் அல்லது ஹன்ட்ஸ்மேன். ரம்பம் விரல் தடிமன் கிளையை எளிதாக அறுக்கும்.

கத்தரிக்கோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலகைவிட அதிகமாகத் திறக்கப்படும் கருவி அதுதான் என்று பலர் சில மாதங்களில் கண்டுகொள்கிறார்கள். மருந்து அட்டை, நகம், நூல், பிளாஸ்டிக் உறை என்று அதற்கு வேலை ஓய்வதில்லை. பொது இடத்தில் கத்தியைத் திறந்தால் அருகிலிருப்பவர் திடுக்கிடுவார். கத்தரிக்கோலைத் திறந்தால் யாரும் கவனிப்பதில்லை. முதல் கத்தி வாங்குகிறவர் கத்தரிக்கோல் உள்ள மாடலை எடுத்தால் ஏமாற மாட்டார்.

மதுப் பழக்கம் இல்லாதவர் கார்க் திருகி எதற்கு என்று எண்ணக்கூடும். இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைவிடச் சிறந்த கருவி இந்தக் கத்தியில் இல்லை. மூக்குக்கண்ணாடி ஆணியை முடுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை அதன் சுருளுக்குள் திருகி வைத்துக்கொள்ளலாம். குத்தூசியில் உள்ள கண்ணில் நூலைக் கோத்தால் தோல் வாரையும் சாக்கையும் தைக்கலாம். டின் ஓப்பனரின் நுனி சிறிய தட்டை ஸ்க்ரூவுக்கு மட்டுமல்ல, பெரும்பாலான ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும். இது தெரிந்தால் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்காகத் தனி மாடல் தேட வேண்டியதில்லை. 91 மில்லிமீட்டர் கத்திகள் பலவற்றின் முதுகில் இருக்கும் சிறு கொக்கி, கயிறு கட்டிய பார்சலைத் தூக்கும்போது விரலைக் கயிறு அறுக்காமல் காக்கிறது.

கைப்பிடியில் இரண்டு வகை முக்கியம். செலிடார் என்ற பிளாஸ்டிக் கைப்பிடி வழுவழுப்பானது. ட்வீசரும் பல்குச்சியும் அதன் பக்கவாட்டில் செருகி நிற்கும். கீறல் விழும், உயரத்திலிருந்து விழுந்தால் விரிசலும் விடலாம். அலாக்ஸ் மெல்லியது, அடி தாங்கும், ஈரக் கையிலும் பிடி தரும். ஆனால் பொதுவாக அதில் ட்வீசருக்கும் பல்குச்சிக்கும் இடம் கிடையாது. முள் எடுக்கும் வேலை அடிக்கடி வருகிறவருக்கு இது சிறிய குறையல்ல.

கத்தியைச் சில்லறை நாணயங்களோடும் சாவியோடும் ஒரே பையில் போட்டால் கைப்பிடி ஒரு மாதத்தில் மங்கிவிடும். சிறு துணியுறையோ தோலுறையோ போதுமானது. சாவி வளையத்தில் சிறு கயிறு கட்டி நுனியைப் பைக்கு வெளியே விட்டால் எடுப்பது எளிது. இடக்கைக்காரர்களுக்கென்று தனி மாடல்களும் உண்டு.

சட்டமும் பயணமும்

எந்த நாட்டுக்குப் போனாலும் கத்தி தொடர்பான சட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். 91 மில்லிமீட்டர் கத்திகள் இந்த வரம்புக்குள் அடங்கும். பூட்டுள்ள 111 மில்லிமீட்டர் கத்திகள் அடங்காது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்லக் கூடாது. சுவிஸ் வீரர்களுக்கு வழங்கப்படும் 2008ஆம் ஆண்டுக் கத்தியே அண்டை நாட்டில் இந்தத் தடைக்குள் வந்துவிடுகிறது. அன்றாடத்துக்குப் பூட்டில்லாத பழைய வடிவமே உகந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கத்தி வைத்திருப்பதன் மேல் கட்டுப்பாடுகள் பெருகிவருவதைக் கண்டு, அலகே இல்லாத கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக விக்டோரினாக்ஸ் 2024இல் தெரிவித்தது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே கூர் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. சட்டைப் பைக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே நிற்கிறது. என்றாலும் நீதிமன்றம், மெட்ரோ ரயில், அரங்கம் போன்ற சோதனை நடக்கும் இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போவதே சரி. காவலர் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம்.

விமானப் பயணத்தில் தவறு நேர்ந்தால் கத்தி திரும்பி வராது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் விமான அறைக்குள் கத்திகள் தடை செய்யப்பட்டதும், விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த இந்தக் கத்தி விற்பனை கடுமையாகச் சரிந்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எவ்வளவு சிறிய கத்தியானாலும் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுகளே தடைப்பட்டியலில் உள்ளன. ஆனால் அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாறிச் செல்லும்போது அடுத்த சோதனையில் அது பறிபோகலாம். சரக்காக அனுப்பும் பெட்டிக்குள் வைப்பதே ஒரே உறுதியான வழி. சாவிக்கொத்தில் தொங்கும் கிளாசிக்தான் பெரும்பாலும் மறந்துபோவது; ஊருக்குக் கிளம்பும் முன்தினமே அதைக் கழற்றிவிட வேண்டும்.

துடைத்தல், எண்ணெய், சாணை

பைக்குள் இருக்கும் கத்தி நூல்துசும்பையும் மணலையும் அடுக்குகளுக்கு இடையே சேர்த்துக்கொள்ளும். ஒரு கருவி திறக்க இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் காரணம் அழுக்குதான். ட்வீசரையும் பல்குச்சியையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, அதற்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூட வேண்டும். பல்குச்சி முனையால் மூலைகளைச் சுரண்டி, நல்ல நீரில் அலசி, திறந்த நிலையிலேயே முழுக்க உலரவிட வேண்டும். கொதிநீரும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் செலிடாருக்கு ஆகாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் கைப்பிடி கரையும்.

உலர்ந்தபின் அலகின் அடிப்பகுதி ஸ்பிரிங்கோடு உரசும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்து மூடித் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகி, தூசியைப் பிடித்து, வேலையைக் கெடுக்கும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது. பழமும் காய்கறியும் நறுக்கும் கத்தியானால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஏற்றது.

இந்த எஃகு துருவை எதிர்க்கும். ஆனால் அறவே துருப்பிடிக்காது என்பதல்ல. 13 முதல் 15 விழுக்காடு குரோமியம் இருந்தும், எலுமிச்சைச் சாறோ மாங்காய்ப் பாலோ கடல் உப்போ இரவு முழுதும் தங்கினால் புள்ளி விழும். கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை கழுவி எண்ணெய் விடுவது அவசியம்.

பெரிய அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவில் இருக்கும். விலையுயர்ந்த நவீன எஃகுகளோடு ஒப்பிட்டால் இது மென்மை. கூர் சீக்கிரம் மழுங்கும். ஆனால் அதே மென்மையால் வீட்டுச் சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் மறுபடி கூரேற்றலாம். தினமும் புழங்கும் கத்திக்கு இது குறையே அல்ல. கல்லுக்கும் அலகுக்கும் இடையே 15 முதல் 20 பாகைக் கோணம் இருக்க வேண்டும். கோணம் மாறாமல் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுப்பதுதான் இதில் உள்ள ஒரே நுட்பம். கல் இல்லாதபோது பீங்கான் குவளையின் அடியில், மெருகு பூசாத வளையத்தில் தீட்டலாம். மோட்டார் சாணைச் சக்கரத்தில் கொடுக்கக் கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அலகும் தேய்ந்து வடிவிழக்கும்.

சேகரிப்பின் வழிகள்

எல்லாவற்றையும் சேர்க்க முற்படுகிறவர் விரைவில் களைத்துப் போவார். ஏதேனும் ஒரு நூலைப் பற்றிக்கொள்வது நல்லது. ஒரே நீளத்தில் எல்லா மாடல்களையும் சேர்ப்பவர்கள் உண்டு. சிப்பாய்க் கத்திகளை ஆண்டுவாரியாகத் தேடுபவர்கள் உண்டு. அவற்றின் அலகின் அடிப்பகுதியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருப்பதால் இந்தத் தேடல் திருத்தமானது. ‘87’ என்றால் 1987. தான் பிறந்த ஆண்டின் சிப்பாய்க் கத்தியைத் தேடுவதில் தொடங்கிப் பலர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். 2014 முதல் ஆண்டுக்கு ஒரு நிறமாக வரும் அலாக்ஸ் தொகுப்பு, எளிதாகத் தொடங்கக்கூடிய இன்னொரு வழி. நிறுவனங்கள் தம் பெயர் பொறித்துப் பரிசளித்த கத்திகள் தனி உலகம். அவற்றில் ஒரு காலத்தின் வங்கிகள், மருந்துக் கம்பெனிகள், விமான நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆழமாகப் போக விரும்புகிறவருக்கு வெங்கர் சிறந்த களம். அந்த முத்திரையோடு இனிப் புதிய கத்தி வருவதில்லை. ஆனால் பழையவை இன்னும் ஓரளவு கிடைக்கின்றன.

வெங்கரை இனங்காண அலகைக்கூடத் திறக்க வேண்டாம். கைப்பிடியில் சிலுவையைச் சுற்றிக் கேடயம் இருந்தால் விக்டோரினாக்ஸ். மூலை மழுங்கிய சதுரம் இருந்தால் வெங்கர். டின் ஓப்பனரிலும் வேறுபாடு உண்டு: விக்டோரினாக்ஸில் முன்னோக்கித் தள்ளியபடி வெட்ட வேண்டும், வெங்கரில் பின்னோக்கி.

அதிகாரிகள் கத்தியில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் இல்லாததால் காலத்தைக் கருவிகளிலிருந்தே ஊகிக்க வேண்டும். பெரிய அலகின் அடிப்பகுதியில் உள்ள முத்திரை முதல் சான்று. ‘எல்ஸனர் ஷ்வீஸ்’ என்று பொறித்த கத்தி பழையது. சாவி வளையத்துக்குப் பதிலாக முனையில் ‘ப’ வடிவக் கம்பி வளையம் இருந்தால் அதுவும் பழமையின் அடையாளம். கத்தரிக்கோலின் இரு பாதிகளையும் ஸ்க்ரூ இணைக்கிறதா ரிவெட் இணைக்கிறதா என்பது அடுத்த சான்று, ஸ்க்ரூ முந்தியது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் சட்டமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒற்றைச் சான்றை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பழுது பார்க்கும்போது ஒரு காலத்துக் கத்தியில் இன்னொரு காலத்துக் கருவி ஏறியிருக்கலாம். மூன்று சான்றுகளாவது ஒரே காலத்தைக் காட்ட வேண்டும்.

போலிகள் ஏராளம். சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையும் போலிக்கும் உண்டு. உண்மையான கத்தியில் பெரிய அலகின் அடிப்பகுதியில் முத்திரை தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அடுக்குகளை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் கசியாது. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடாது. மூடும்போது அலகு தன் இடத்தில் ‘டக்’ என்று உறுதியாக அமரும். போலியில் இந்த ஒலி மந்தமாக இருக்கும், அல்லது கருவிகள் ஒன்றோடொன்று உரசும். படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது, முத்திரை தெரியும் படத்தையும் முதுகுப் பக்கப் படத்தையும் விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

பழைய கத்தியின் மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அலகின் வடிவம்தான். பலமுறை சாணை பிடித்துத் தேய்ந்த அலகு, மூடிய நிலையில் தடுப்புத் தகடுகளுக்குள் ஆழமாக இறங்கிவிடும். புதிய அலகோடு ஒப்பிட்டால் எவ்வளவு எஃகு போயிற்று என்பது உடனே தெரியும். கீறல் விழுந்த கைப்பிடி பெரிய குறையல்ல. தொலைந்த பல்குச்சியையும் ட்வீசரையும் மாற்றிவிடலாம். ஒடிந்த நுனி, உள்ளே துருவேறிய ஸ்பிரிங் இரண்டும் திருத்த முடியாத குறைகள். கிடைத்த கத்தியை எந்திர மெருகேற்றிப் புதிதுபோல் ஆக்குவது சேகரிப்பைக் கெடுக்கும் வேலை. முத்திரையின் எழுத்துகள் அதில்தான் அழிகின்றன. கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டால் போதும்.

சேமிக்கும்போது தோலுறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதோடு, பதனிடப் பயன்பட்ட பொருள்கள் எஃகில் கறை ஏற்றும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய பெட்டியில் வைக்கலாம். அசல் அட்டைப்பெட்டியும் உள்ளிருந்த தாளும் கிடைத்தால் அவற்றைத் தனியே தட்டையாக வைக்க வேண்டும். பெட்டியின் வடிவம்கூடக் காலத்தைச் சொல்லும் சான்று. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பது நல்ல வழக்கம்: நீளம், அடுக்கு எண்ணிக்கை, முத்திரையில் உள்ள எழுத்துகள், வாங்கிய இடம், நாள், விலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திறந்து மூடி, ஈரப் புள்ளி எங்கேனும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையான இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைக்க வேண்டும்.